அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரிணாமம் பற்றி எங்கே பேசினாலும், பேச்சு முடிந்ததும் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலர் கோபமாகக் கேட்கிறார்கள், சிலர் உண்மையான ஆர்வத்தோடு கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கடவுள் உண்டா இல்லையா என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. ஒரு கருத்து அறிவியலுக்குரிய வேலையைச் செய்கிறதா என்பது மட்டுமே இங்கே விஷயம்.

"அறிவார்ந்த வடிவமைப்புன்னா என்ன? ரெண்டு வரில சொல்லுங்க."

உயிர்களில் உள்ள சில அமைப்புகள், தற்செயல் மாற்றங்களாலும் இயற்கைத் தேர்வாலும் உருவாகியிருக்க முடியாத அளவுக்குச் சிக்கலானவை. ஆகவே அறிவுள்ள ஏதோ ஒன்று அவற்றை வடிவமைத்திருக்க வேண்டும். இதுதான் வாதம். அந்த 'ஏதோ ஒன்று' யார், எப்போது செய்தது, எப்படிச் செய்தது என்பதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.

படைப்பைப் பார்த்துப் படைத்தவனை ஊகிப்பது மிகப் பழைய வழக்கம். 1802-இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் கடிகாரத்தை வைத்து இதைச் சொன்னார். குடம் என்று ஒன்று இருந்தால் குயவன் இருந்தே ஆக வேண்டும் என்று நியாயம் என்ற தர்க்க மரபைச் சேர்ந்த நையாயிகர்களும் சைவ சித்தாந்திகளும் அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வாதிட்டார்கள். மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று பிரித்தும் காட்டினார்கள். ஆனால் அவர்கள் அதைத் தத்துவமாகத்தான் முன்வைத்தார்கள். 1990-களில் அமெரிக்காவில் கிளம்பிய இயக்கம் அதையே உயிரியல் என்று சொல்லிப் பள்ளி வகுப்பறைக்குள் கொண்டுபோக நினைத்தது. சண்டை அங்கேதான் தொடங்கியது.

"பூமிக்கு ஆறாயிரம் வயசுன்னு சொல்றவங்கதானே இவங்க?"

எல்லோரும் அப்படி இல்லை. இந்த இயக்கத்தின் மிகப் பிரபலமான உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி, பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகப் பேராசிரியர். பூமியின் வயது பல நூறு கோடி ஆண்டுகள் என்பதையும், மனிதனும் குரங்கும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவர்கள் என்பதையும் அவர் ஏற்றுக்கொள்பவர். இதைச் சொன்னால் அவரை மேற்கோள் காட்டுபவர்களே பல நேரம் திகைத்துப் போகிறார்கள்.

இளம்பூமிக்காரர்களும் இயக்கத்தில் உண்டு. பெர்க்லியில் சட்டப் பேராசிரியராக இருந்த பிலிப் ஜான்சன் வகுத்த உத்தி அப்படி: பூமியின் வயது போன்ற உள்சண்டைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, டார்வினை எதிர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே பந்தலின் கீழ் நிற்கலாம் என்றார்.

"அப்போ இது படைப்புவாதம் இல்லைதானே? கடவுள் பேரே எடுக்கலையே?"

ஏன் எடுக்கவில்லை என்பதற்கு ஒரு சட்ட வரலாறு இருக்கிறது. 1925-இல் டென்னசி மாநிலம் அரசுப் பள்ளிகளில் மனிதப் பரிணாமம் கற்பிப்பதைத் தடை செய்தது. அதே ஆண்டு டேடன் என்ற சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு நூறு டாலர் அபராதம் விழுந்தது. இத்தகைய தடைகள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல 1968 வரை ஆயிற்று. தடுக்க முடியாது என்றானதும், "சரி, பரிணாமம் கற்பித்தால் படைப்பு அறிவியலையும் (கடவுளின் படைப்பை அறிவியல் மொழியில் சொல்வது) சமமாகக் கற்பிக்க வேண்டும்" என்று சில மாநிலங்கள் சட்டம் போட்டன. ஆர்கன்சா மாநிலத்தின் சட்டம் 1982-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் விழுந்தது. லூசியானாவின் சட்டத்தை 1987-இல் உச்ச நீதிமன்றமே 7-க்கு 2 என்ற கணக்கில் ரத்து செய்தது. அரசும் மதமும் தனித்தனி என்ற அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். அந்தச் சமயம் 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' என்ற பள்ளிப் பாடநூல் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அதன் வரைவுகளைப் பின்னாளில் நீதிமன்றத்தில் எடுத்து வைத்தார் பார்பரா ஃபாரஸ்ட் என்ற தத்துவப் பேராசிரியர். 1987 தீர்ப்புக்கு முந்தைய வரைவுகளில் 'படைப்பு' என்று இருந்த இடங்களிலெல்லாம், தீர்ப்புக்குப் பிறகு 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று மாற்றியிருந்தார்கள். ஏறத்தாழ 150 இடங்கள். விளக்க வாக்கியம் அப்படியே இருந்தது: மீன்கள் செதிலோடும் துடுப்போடும், பறவைகள் இறகோடும் அலகோடும் திடீரென்று தோன்றின என்பது. ஒரு வரைவில் அவசரத்தில் ஒட்டியது கூடத் தெரிந்தது. 'படைப்புவாதிகள்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்துகளும் இருபுறமும் ஒட்டிக்கொண்டிருக்க, நடுவில் 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்ற புதுப்பெயர் திணிக்கப்பட்டிருந்தது. அடித்து எழுதியதன் சுவடு இதைவிடத் தெளிவாக எங்கும் கிடைக்காது. புத்தகம் 1989-இல் வெளிவந்தது.

"டோவர் வழக்கு, டோவர் வழக்குன்னு சொல்றீங்களே, அங்க என்னதான் நடந்தது?"

டோவர் என்பது பென்சில்வேனியாவில் ஒரு சிறிய ஊர். 2004 அக்டோபரில் அவ்வூர்ப் பள்ளி வாரியம் 6-க்கு 3 என்று ஒரு தீர்மானம் போட்டது. அதன்படி ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு ஓர் அறிக்கையை வாசித்துக் காட்ட வேண்டும். டார்வின் கோட்பாடு உண்மை என நிறுவப்பட்டதல்ல, அதில் ஓட்டைகள் உண்டு, மாற்று விளக்கம் வேண்டுமானால் மேலே சொன்ன புத்தகம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். உயிரியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்துவிட்டார்கள். 2005 ஜனவரியில் நிர்வாகிகளே வகுப்புக்குள் வந்து வாசித்தார்கள்.

பதினொரு பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 'கிட்ஸ்மில்லர் எதிர் டோவர் பகுதிப் பள்ளி மாவட்டம்' என்பது வழக்கின் பெயர். ஹாரிஸ்பர்க் நகரில் 2005 செப்டம்பர் 26 முதல் நவம்பர் 4 வரை விசாரணை. ஜூரி இல்லை, நீதிபதி ஜான் ஜோன்ஸ் மட்டும். டிசம்பர் 20 அன்று 139 பக்கத் தீர்ப்பு வந்தது: அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல, அது மதக் கருத்து, வாரியத்தின் தீர்மானம் அரசியல் சட்டத்துக்கு முரணானது.

வாரியத்தார் நடந்துகொண்ட விதமும் வழக்கைக் கெடுத்தது. பள்ளி நூலகத்துக்கு அந்தப் புத்தகத்தின் பிரதிகள் 'நன்கொடையாக' வந்திருந்தன. யார் கொடுத்தது என்று முன்விசாரணையில் கேட்டபோது தெரியாது என்றார்கள். பிறகு பார்த்தால், ஓர் உறுப்பினர் தன் தேவாலயத்தில் நின்று பணம் திரட்டி, இன்னோர் உறுப்பினரின் தந்தை பெயருக்குக் காசோலை கொடுத்திருந்தார். நீதிபதிக்குக் கோபம் வராமல் இருக்குமா? தீர்ப்பு வரும் முன்பே, நவம்பர் தேர்தலில் டோவர் மக்கள் அந்தத் தீர்மானத்தை ஆதரித்து நின்ற எட்டுப் பேரையும் தோற்கடித்திருந்தார்கள். புதிய வாரியம் மேல்முறையீடு செய்யவில்லை. பெற்றோர் தரப்பின் வழக்குச் செலவுக்கு 10 லட்சம் டாலருக்குச் சற்று மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது.

"அந்த ஜட்ஜ் நாத்திகரா இருப்பார். இடதுசாரி சதி!"

ஜோன்ஸ் குடியரசுக் கட்சிக்காரர். 2002-இல் அவரை நியமித்தவர் ஜார்ஜ் புஷ். அதே புஷ் 2005 ஆகஸ்டில், இரு தரப்பையும் பள்ளியில் சொல்லிக்கொடுக்கலாம் என்று பேசியிருந்தார். பெற்றோர் தரப்பின் முதல் சாட்சி உயிரியலாளர் கென்னத் மில்லர், மறைக்காத கத்தோலிக்கர். அடுத்தடுத்த சாட்சிகளில் ஜான் ஹாட் என்ற கத்தோலிக்க இறையியலாளரும் இருந்தார். சதி என்றால் ஆள் தேர்வு ரொம்ப மோசம்.

"சரி, ஆனா எது அறிவியல்னு கோர்ட் எப்படி முடிவு பண்ணலாம்?"

நியாயமான கேள்வி. சட்டப்படி பார்த்தால் அந்தத் தீர்ப்பு பென்சில்வேனியாவின் நடு மாவட்டத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். மதநோக்கம் நிரூபணமாகிவிட்டது, தீர்மானம் செல்லாது என்று சொல்லி நீதிபதி நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் இது அறிவியலா என்பதையும் தீர்மானித்துச் சொல்லுங்கள் என்று இரு தரப்புமே கேட்டுக்கொண்டன, வாரங்கணக்கில் அதற்காகவே சாட்சிகளையும் கொண்டுவந்தன.

நாத்திகத் தத்துவவாதிகள் சிலரே அந்தப் பகுதியைக் குறை சொல்லியிருக்கிறார்கள். பிராட்லி மான்டன் ஒருவர், தாமஸ் நேகல் இன்னொருவர். எது அறிவியல் என்று கோடு போடுவது அவ்வளவு எளிதல்ல என்பது அவர்கள் கட்சி. 1982 ஆர்கன்சா தீர்ப்பைப் பற்றி லாரி லாடன் என்ற தத்துவவாதியும் கிட்டத்தட்ட இதையே சொன்னார். என் அபிப்பிராயம்: தீர்ப்பு சட்டமாகச் சரி, தத்துவமாகக் கொஞ்சம் அவசரம். நீதிமன்றம் சொன்னதால்தான் இது அறிவியல் இல்லை என்று யாராவது வாதிட்டால் அதை ஏற்காதீர்கள். அடுத்த பதில்களில் உள்ள காரணங்கள் தீர்ப்பு இல்லாமலே நிற்பவை.

"பரிணாமமும் வெறும் தியரிதானே? நிரூபிச்ச உண்மையா?"

அன்றாடப் பேச்சில் தியரி என்றால் 'சும்மா ஒரு ஊகம்'. அறிவியலில் நோய்க்குக் கிருமி காரணம் என்பதும் தியரி, பொருள்கள் அணுக்களால் ஆனவை என்பதும் தியரி. பல சான்றுகளைச் சேர்த்துக் கட்டி, புதிதாக எங்கே என்ன கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்லத் துணிவது.

அந்தத் துணிச்சலுக்கு இரண்டு உதாரணங்கள். நமக்கு 23 ஜோடி குரோமோசோம்கள், சிம்பன்சிக்கு 24. மூதாதை ஒன்றே என்றால் ஒரு ஜோடி எங்கே போயிற்று? அப்படியே தொலைந்திருந்தால் உயிர் பிழைத்திருக்காது. ஆக இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும், ஒட்டிய தழும்பும் இருக்க வேண்டும். நம் இரண்டாவது குரோமோசோமின் நடுவே, நுனியில் மட்டும் இருக்க வேண்டிய வரிசைகள் இருக்கின்றன. ஒரு குரோமோசோமுக்கு ஒரு மையப்பகுதிதான் இருக்க வேண்டும், இதில் பழைய இரண்டாவது மையப்பகுதியின் மிச்சமும் இருக்கிறது. மில்லர் டோவரில் இதைத்தான் படம் போட்டுக் காட்டினார். அடுத்தது டிக்டாலிக் என்ற புதைபடிவம். மீனிலிருந்து நிலவாழ் விலங்குக்கு மாறிய காலம் தெரியும், அந்தக் காலத்துப் பாறை கனடாவின் வடகோடியில் வெளியே தெரிகிறது என்று கணக்குப் போட்டு, தொல்லுயிரியலாளர் நீல் ஷூபினும் தோழர்களும் எல்ஸ்மியர் தீவுக்குப் போய்த் தோண்டினார்கள். 2004-இல் கிடைத்தது. செதிலும் துடுப்பும் உண்டு, கழுத்தும் உண்டு, துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகளும் உண்டு. வயது சுமார் 37.5 கோடி ஆண்டு.

"ஒரு பார்ட்டை எடுத்தாலே வேலை செய்யாத மெஷின் எப்படிப் படிப்படியா வந்திருக்கும்? பாதிக் கசையிழையால என்ன பிரயோஜனம்?"

இதுதான் அவர்கள் பக்கத்தின் பலமான வாதம்; பீஹி 1996-இல் பிரபலப்படுத்தியது. பாக்டீரியாவின் பின்னால் மோட்டார் போலச் சுழலும் கசையிழையில் நாற்பது வகைப் புரதங்கள் வரை இருக்கின்றன. முக்கியமான ஒன்றை எடுத்தால் சுழலாது. சுழலாத கசையிழையை இயற்கைத் தேர்வு ஏன் காப்பாற்றி வைக்க வேண்டும்?

கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: பாதி அமைப்புக்குப் பயன் இருந்தால் அது நீந்துகிற பயனாகத்தான் இருக்க வேண்டும் என்பது. கசையிழையின் அடிப்பகுதியில் உள்ள சுமார் பத்துப் புரதங்களுக்கு நெருங்கிய உறவான புரதங்கள் கொள்ளைநோய் பாக்டீரியாவில் இருக்கின்றன. அங்கே அவை நீந்துவதற்கல்ல, நம் செல்லுக்குள் விஷத்தைச் செலுத்தும் ஊசியாக வேலை செய்கின்றன. ஊசி முதலில் வந்ததா கசையிழை முதலில் வந்ததா என்று விவாதம் உண்டு. அதன் முடிவு எப்படியானாலும் "பாகங்கள் தனியாக எதற்கும் உதவாது" என்ற பேச்சு நிற்காது. இரத்தம் உறைதலிலும் இதே கதை. உறைய உதவும் புரதங்களுக்குக் காரணிகள் என்று பெயர்; எந்த ஒரு காரணி இல்லாவிட்டாலும் உறையாது என்றார்கள். திமிங்கலத்துக்கும் டால்பினுக்கும் பன்னிரண்டாம் காரணி இல்லை. இரத்தம் நன்றாகவே உறைகிறது.

நோயெதிர்ப்பு அமைப்பின் தோற்றத்துக்கு அறிவியலில் பதிலே இல்லை என்று பீஹி எழுதியிருந்தார். டோவர் வழக்கின் குறுக்கு விசாரணையில் அவர் முன்னால் 58 ஆய்வுக் கட்டுரைகளையும் ஒன்பது புத்தகங்களையும் அடுக்கினார்கள். அவை போதாது என்றார். போதுமா போதாதா என்பது இருக்கட்டும். இத்தனை பேர் அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவர்கள் தரப்பிலிருந்து அதே கேள்விக்கு ஓர் ஆய்வுகூட அடுக்க முடியவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது.

"கல்லைப் பார்த்து கல்லாயுதம்னு தொல்லியல்காரங்க சொல்றாங்க. அது அறிவியல்னா, செல்லைப் பார்த்து வடிவமைப்புன்னு சொல்றது மட்டும் ஏன் அறிவியல் இல்ல?"

எனக்குப் பிடித்த கேள்வி. 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் நம் பல்லாவரத்தில் ஒரு கல்லை எடுத்து, இது ஆதிமனிதன் செதுக்கியது என்றார். சிக்கலாக இருந்ததாலா சொன்னார்? ஒரு சாதாரண ஸ்படிகம் அதைவிட ஒழுங்கானது. மனிதன் என்ற உயிர் இருக்கிறது, அவனுக்குக் கை இருக்கிறது, கல்லால் கல்லைத் தட்டினால் இப்படிச் சில்லுகள் பெயரும், அவனுக்கு வெட்டவும் சீவவும் தேவை உண்டு என்று செய்தவனைப் பற்றித் தெரிந்த விஷயங்கள்தான் ஊகத்துக்கு அடித்தளம். இன்றைக்கும் ஆய்வாளர்கள் தாங்களே கல்லைத் தட்டிச் செய்து பார்க்கிறார்கள். எந்தக் கல்லால் தட்டினான், வலக்கைக்காரனா என்றெல்லாம் அடுத்தடுத்த கேள்விகள் பிறக்கின்றன.

அறிவார்ந்த வடிவமைப்பு இந்த அத்தனை கதவையும் தானே சாத்திக்கொள்கிறது. வடிவமைத்தவர் யார், எந்தக் கருவி, எந்தக் காலம், என்ன நோக்கம் என்று எதுவும் கேட்கக் கூடாது. ஏன் என்பதை மூன்றாவது கேள்வியில் பார்த்தோம்: கேட்டால் பதில் மதமாகிவிடும், மதமானால் பள்ளிக்குள் நுழைய முடியாது.

"இயற்கைக் காரணம் மட்டும்தான் செல்லும்னு முதல்லயே ரூல் போட்டுட்டு, 'நீ தோத்துட்ட'ன்னா அது போங்காட்டம் இல்லையா?"

விதியாக மட்டும் அதைச் சொன்னால் போங்காட்டம்தான். இந்த இடத்தில் கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அறிவியல் தொடக்கத்திலேயே போட்டுக்கொண்ட விதியல்ல இது, பட்டுத் தெரிந்துகொண்ட பழக்கம். கோள்கள் நிலையாகச் சுற்ற அவ்வப்போது கடவுள் சரிசெய்கிறார் என்று நியூட்டனே நினைத்தார். பின்னால் வந்த கணிதவியலாளர் லாப்லாஸ் அந்த விளக்கத்தை ஏற்று நின்றிருந்தால், கோள்கள் தாமாகவே நிலைத்துச் சுற்றுமா என்று கணக்குப் போட்டிருக்க மாட்டார். தெரியாத இடத்தில் தெய்வத்தை வைத்தால் தேடல் நின்றுவிடுகிறது.

எல்லா அமானுஷ்யக் கூற்றுகளும் சோதனைக்கு அப்பாற்பட்டவை அல்ல. பிரார்த்தனையால் நோய் குணமாகுமா என்று மருத்துவப் பரிசோதனையே நடத்தியிருக்கிறார்கள். சொல்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எதையும் செய்யக்கூடிய, எப்போதும் செய்திருக்கக்கூடிய, நோக்கமே தெரியாத வடிவமைப்பாளர் என்றால், எதைக் கண்டாலும் பொருந்திப்போகும். விதியை நீக்கிவிட்டாலும் ஆய்வகத்தில் மறுநாள் காலை என்ன சோதனை செய்வது என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

டோவரில் பீஹியிடம், அறிவியல் கோட்பாடு என்பதற்கு அவர் தரும் விரிவான விளக்கத்தின்படி ஜோதிடமும் உள்ளே வருமா என்று கேட்டார்கள். வரும் என்று ஒப்புக்கொண்டார். தவறென்று கைவிடப்பட்ட கோட்பாடுகளும் கோட்பாடுகளே என்ற பொருளில்தான் சொன்னார். அதை மறைத்துவிட்டுக் கேலி செய்வது முறையல்ல.

"ஒருபக்கம் 'சோதிக்கவே முடியாது'ங்கறீங்க, இன்னொரு பக்கம் 'சோதிச்சு தோத்துப்போச்சு'ங்கறீங்க. ரெண்டும் எப்படி?"

இரண்டு வெவ்வேறு கூற்றுகளைப் பற்றிய பேச்சு இது. "இந்த உறுப்பின் பாகங்கள் தனித்தனியே உதவாது, ஆகவே பரிணமித்திருக்க முடியாது" என்பது சோதிக்கக்கூடியது. கசையிழையிலும் இரத்தம் உறைதலிலும் அது தோற்றது. "ஆகவே ஒருவர் வடிவமைத்தார்" என்பது, முந்தைய பதிலில் சொன்ன காரணத்தால், சோதிக்க எதையும் கையில் தரவில்லை.

முதலாவது வென்றிருந்தாலும் இரண்டாவது தானாக வென்றுவிடாது. பரிணாமம் தவறு என்று நாளையே நிரூபணமானாலும், மிஞ்சுவது "தெரியவில்லை" என்ற நிலைதான். கோடு எங்கே என்ற தத்துவச் சண்டையில் நான் அதிகம் அக்கறை காட்டாததற்கும் இதுதான் காரணம். அறிவியல் அல்லாதது என்று வைத்துக்கொண்டாலும், தோற்றுப்போன அறிவியல் என்று வைத்துக்கொண்டாலும், ஒன்பதாம் வகுப்பு உயிரியல் நேரத்தில் அதற்கு இடம் கிடைக்காது.

"ஜர்னல்ல போட விடமாட்டேங்கறாங்க. அப்புறம் எப்படி ஆய்வு வெளிவரும்?"

புதிய கருத்துகளுக்கு எதிர்ப்பு வருவது உண்மைதான். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் சொன்ன வெகனரைப் பல பத்தாண்டுகள் யாரும் சீந்தவில்லை. கடலடித் தரவுகள் குவிந்ததும் 1960-களில் நிலவியலே தலைகீழானது. அந்தப் பாதையில் பாடநூல் கடைசியில்தான் வந்தது. இவர்கள் பாடநூலில் தொடங்கினார்கள்.

சியாட்டிலில் உள்ள டிஸ்கவரி நிறுவனம் இந்த இயக்கத்தின் தலைமையகம். அதன் உள்சுற்று ஆவணம் ஒன்று 1999-இல் வெளியே கசிந்தது. பொருள்முதல்வாதத்தை வீழ்த்தி, இயற்கையும் மனிதனும் கடவுளின் படைப்பு என்ற புரிதலை நிலைநாட்டுவது நோக்கம் என்று அதில் இருந்தது. நோக்கம் எதுவாக இருந்தாலும் கருத்தைக் கருத்தாகத்தான் எடைபோட வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆவணம் ஆய்வுதான் முதல் கட்டம், அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பிரச்சாரமாகிவிடும் என்ற பொருளில் எழுதியிருந்தது. அந்த முதல் கட்டம் ஆய்வகங்களை மாற்றும் அளவுக்கு நடந்ததாக இன்றுவரை தெரியவில்லை.

"ரெண்டு பக்கத்தையும் சொல்லிக்கொடுத்து பிள்ளைங்களே முடிவு பண்ணட்டுமே?"

ஆய்வாளர்களுக்குள் உண்மையாகவே இரண்டு பக்கம் இருக்கும் விஷயம் என்றால் தாராளமாக. பரிணாமத்துக்குள்ளேயே அப்படி நிறைய உண்டு: இயற்கைத் தேர்வின் பங்கு எவ்வளவு, தற்செயல் விலகலின் (மரபணுக்களின் விகிதம் தற்செயலாக மாறுவது) பங்கு எவ்வளவு என்பது ஒன்று. வேடிக்கை என்னவென்றால், டோவர் வாரியம் கட்டாய அறிக்கை போட்டது தவறு என்று 2004-லேயே சொன்னவர்களில் டிஸ்கவரி நிறுவனமும் உண்டு.

தத்துவ வகுப்பிலோ சமய வரலாற்று வகுப்பிலோ இதை விவாதிப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. பேலியையும் குயவன் வாதத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் அருமையான பாடம்.

"நம்ம ஊர்ல இந்தப் பிரச்சினை கிடையாதுல்ல?"

இந்த வடிவத்தில் கிடையாது. ஆனால் 2018 ஜனவரியில் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங் டார்வின் கோட்பாடு அறிவியல்படி தவறு என்று பேசினார். 2023-இல் மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி போய்விட்டது. பாடச்சுமைக் குறைப்பு என்று காரணம் சொன்னார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறது, ஆனால் அங்கே உயிரியல் எடுப்பவர்கள் மட்டும்தான் படிப்பார்கள். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பிலேயே பரிணாமம் உண்டு.

"நாளைக்கே வடிவமைப்புக்கு நிஜமான ஆதாரம் கிடைச்சா என்ன பண்ணுவீங்க?"

ஏற்றுக்கொள்வேன், ஆனால் அது எப்படி இருக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடலாம். மரபணுக்களின் உறவுமுறை எந்தக் குடும்ப மரத்திலும் அடங்காமல், நல்ல பாகங்கள் இனம் விட்டு இனம் நகலெடுத்து ஒட்டப்பட்டிருக்க வேண்டும். வௌவாலின் பால் சுரப்பிப் புரதங்கள் பாலூட்டிகளைப் போலவும், சிறகெலும்பின் மரபணுக்கள் அச்சு அசலாகப் பறவையினுடையவை போலவும் இருந்தால், நான் மட்டுமல்ல, எல்லா உயிரியலாளர்களும் தூக்கம் கெட்டு எழுந்து உட்காருவார்கள். வௌவாலின் மரபணுத் தொகுப்பைப் படித்தாகிவிட்டது. சிறகு உட்பட முழுக்கப் பாலூட்டிதான். இப்படி ஒரு முன்கணிப்பை, தவறினால் கைவிடுவோம் என்ற உறுதியோடு, வடிவமைப்புத் தரப்பிலிருந்து ஒருவர் எழுதிக் கொடுத்தால் அதையும் இந்தப் பக்கத்தில் சேர்த்துவிடுகிறேன்.